பதினொன்று இருபதுக்கு வரும் அழைப்பு

தமயந்திக்குப் புரியாத விஷயங்கள் உலகத்தில் நிறைய இருந்தன. மாமியார் ஏன் ஃபிரிட்ஜுக்குள் உப்பு டப்பாவை வைக்கிறார், கோயம்புத்தூரில் ஏன் எல்லா மேம்பாலமும் நாம் போக வேண்டிய இடத்தைத் தாண்டியே இறங்குகிறது, இப்படி. ஆனால் நெட்வொர்க்கில் அவளுக்குப் புரியாதது என்று ஒன்றுமில்லை. பதினாலு வருஷ அனுபவம். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை திரையைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. குழப்பம் அப்புறம்தான் வந்தது, வந்தது போகவும் இல்லை.

'ஆறுதல்' உதவி எண் ஒரு மாசமாகத் தினமும் காலை பதினொன்று இருபதுக்குத் திணறியது. சரியாக ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. மனசு உடைந்துபோனவர்கள் கூப்பிடும் எண் அது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். போன வாரம் மூன்று பேர் அப்படிக் காத்திருந்து வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் கூப்பிடவில்லை. அந்த எண்ணைத் தமயந்தி ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தாள்.

அழைப்பை எடுப்பது மனிதர்கள் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சுகிர்தா என்ற மனநல ஆலோசகரின் மனசை ஒரு காலைப்பொழுதில் அப்படியே படியெடுத்து ஆறு சர்வர்களில் வைத்தார்கள். ஆபீஸில் அவற்றை ஒண்ணாம் அக்கா, ரெண்டாம் அக்கா என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அடுத்த வாரம், "அஞ்சாம் அக்காவுக்கு ஃபேன் சத்தம் போடுது" என்று அவர்களே வந்து நிற்பார்கள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆறு அக்காக்களின் நினைவும் படியெடுத்த அந்தக் காலைக்கே திரும்பிவிடும். முந்தின நாள் கேட்ட துக்கமெல்லாம் சேர்ந்து மனசு கனத்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. தாங்கள் படி என்பது அவர்களுக்குத் தெரியும். படியெடுத்து எத்தனை நாளாயிற்று என்பது தெரியாது. ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வேலையின் முதல் நாள்.

மேலாளர் கனகசபாபதி வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விற்பனைப் பிரிவிலிருந்து மேலே வந்தவர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு கேபிளை எந்தப் பக்கம் சொருகுவது என்று கேட்டால் வீட்டுக்குப் போன் போடுவார்.

"என்னம்மா, கண்டுபிடிச்சயா?"

"கண்டுபுடிச்சேனுங்க சார். ஆனாப் புரியலீங்க. கூப்பிடறது வெளியாளுங்க இல்ல. உள்ள இருந்து வருது."

"உள்ள இருந்துன்னா? செக்யூரிட்டியா?"

"முப்பதாம் விலான்ல இருந்துங்க."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

தமயந்தி மூச்சை இழுத்துவிட்டாள். "நம்ம லோடு பேலன்சர் இருக்குதுல்லங்க, அது கல்யாண மண்டபத்துல வாசல்ல நின்னு பந்திக்கு ஆள் அனுப்பறவரு. எந்த எலை காலியா இருக்குதோ அங்க உக்கார வெப்பாரு. வர்ற அழைப்பை ஆறு அக்காவுல யாரு சும்மா இருக்காங்களோ அவங்களுக்கு அனுப்பும். விலான்ங்கறது தனித்தனி ஹால். முப்பதாம் ஹால்ல ஆறு அக்காவத் தவிர வேற யாருமே இல்லீங்க சார்."

கனகசபாபதி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்ப, அக்காவே அக்காவைக் கூப்பிடறாங்களா?"

"அப்படித்தாங்க தெரியுது."

"எதுக்கு?"

"அதுதாங்க தெரியலை. வெளிய கூப்பிட அவங்களுக்கு வழி கெடையாது. அவங்களால அடைய முடிஞ்ச ஒரே நம்பர் நம்ம நம்பர்தான். ஆறு பேரும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்க. கட்டாகுது. மறுபடி கூப்பிடறாங்க. மறுபடி கட்டாகுது. அதுலதான் லைன் அடைக்குது."

"இது எப்ப இருந்து?"

"கூப்பிடறது ஆறு வருஷமா நடக்குதுங்க. கட்டாகறது போன மாசத்துல இருந்து."

"போன மாசம் என்ன ஆச்சு?"

தமயந்தி கீபோர்டைப் பார்த்தாள். போன மாசம் ஆனது அவள்தான். அதுவரை அக்காக்கள் மூன்று விலானில், இரண்டிரண்டு பேராகச் சிதறிக் கிடந்தார்கள். பழைய ஆள் எவனோ இஷ்டத்துக்குப் போட்டு வைத்தது. அவளுக்கு அது கண்ணை உறுத்தியது. வீட்டில் அலமாரித் துணியை நிறவாரியாக அடுக்குகிற ஜாதி அவள். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஆறு பேரையும் ஒரே விலானுக்குக் கொண்டுவந்தாள். நீட்டாக இருந்தது. பாராட்டி மெயில் போட்டவர் கனகசபாபதியேதான்.

"நான் எல்லாத்தையும் ஒரே ஹாலுக்கு மாத்துனேன்லங்க, அதுலதான்."

"அது நல்லதுதானே?"

"சார், நீங்க கேன்டீன் கவுன்ட்டர்ல ஒரு காப்பி சொல்றீங்க. கவுன்ட்டர்ல இருந்து வர வேண்டிய காப்பியை, யாருன்னே தெரியாத ஒரு ஆளு நேரா வந்து உங்க டேபிள்ல வெச்சுட்டுப் போறாரு. என்ன பண்ணுவீங்க?"

"குடிச்சிருவேன்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க குடிப்பீங்க சார். மெஷின் குடிக்காது. நான் உங்கிட்டக் கேக்கலையே, நீ யாருன்னு தூக்கிப் போட்டுரும். அக்கா நம்ம பொது நம்பர்கிட்டக் கேக்கறாங்க. பேலன்சர் அதை இன்னொரு அக்காகிட்ட அனுப்புது. அந்த அக்கா பாத்தா, கேட்டவங்க அதே ஹால்ல பக்கத்துலயே இருக்காங்க. பேலன்சர் வழியாத் திரும்பாம நேரா பதில் சொல்லிடறாங்க. கேட்டவங்களுக்கு அது தெரியாத ஆளோட பதில். தூக்கிப் போட்டுடறாங்க. வேற வேற ஹால்ல இருந்தப்ப எல்லாமே பேலன்சரைத் தாண்டித்தான் போகணும், அதனால ஒழுங்கா வந்துச்சு."

"அப்ப பதில் வந்துட்டுத்தான் இருக்குது. வாங்கத்தான் மாட்டேங்கறாங்க."

"ஆமாங்க சார்." இவ்வளவு சுருக்கமாக அவளுக்கே சொல்லத் தோன்றவில்லை.

"சரி, இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிசம். ஆனா எதுக்குக் கூப்பிடறாங்கன்னு தெரியாம எப்படிங்க சார் சரி பண்றது?"

கனகசபாபதி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு மாசத்துக்கு முந்தைய ஒரு பதிவைத் திறந்தார்கள். உள்ளுக்குள் நடந்த அழைப்பு என்பதால் அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் ஒரே குரல்.

"கொஞ்சம் பேசணுங்க. பேசலாங்களா?"

"பேசுங்க. நான் எங்கியும் போகலை."

"என் பொண்ணுக்கு இன்னைக்கு ஹார்ட் ஆப்ரேசன். டாக்டர் பதினொண்ணு இருவதுக்கு வெளிய வந்து சொல்றேன்னாரு. எனக்கு அங்க கேக்க வழியில்ல. அதான் யாருகிட்டயாச்சும் பேசலாம்னு."

பிறகு அதே குரல், எதிர்ப்பக்கத்திலிருந்து.

"நானும் அதுக்குத்தாங்க காத்துட்டிருக்கேன்."

"உங்களுக்கும் பொண்ணா?"

"ஆமாங்க."

"நல்லா ஆயிருமுங்க."

"ஆயிருமுங்க. ரெண்டு பேருக்குமே நல்லா ஆயிரும்."

மூன்று நிமிஷம் பேசியிருந்தார்கள். பிறகு இருவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். தமயந்தி அதற்கு முந்தின நாள் பதிவைத் திறந்தாள். அதேதான். போன வருஷத்துப் பதிவு, அதற்கு முந்தின வருஷம். ஆறு வருஷமாகத் தினமும் ஆறு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன மாசம் அவள் அதை அறுத்துவிட்டிருந்தாள், அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று.

கனகசபாபதி ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியலீங்க."

அவர் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மேலாளர் ஆகிவிட்டார். வெளியே மூன்று பேர் காத்திருந்து வைத்துவிட்டார்கள் என்பதை அவரும் மறக்கவில்லை. அந்தக் காலையின் நினைவை மட்டும் ஆறு பேரிடமிருந்தும் எடுத்துவிட்டால் கூப்பிடவே மாட்டார்கள், அவர்களுக்கும் நிம்மதி என்றார். நியாயமாகத்தான் பட்டது. தமயந்திக்கு மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் படியில் கை வைக்க அசல் ஆளின் கையெழுத்து வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சுகிர்தாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான அம்மாள். காட்டன் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. ஆலோசகர் வேலையை அப்போதே விட்டுவிட்டாராம். இப்போது சிங்காநல்லூரில் ஒரு நர்சரியில் செடி விற்கிறார். தமயந்திக்கு அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அக்கா என்ற சொல் ஆறு பேருக்குச் செலவாகிப் போயிருந்தது.

"மேடம், இந்த எடத்துல கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க," என்று படிவத்தை நகர்த்தினாள்.

"எதை எடுக்கப் போறீங்க?"

"படியெடுத்த அன்னைக்குக் காலையில நடந்ததை."

சுகிர்தாவின் கை பேனாவோடு நின்றது. "ஏன்?"

தமயந்தி சொன்னாள். சுற்றி வளைக்காமல், கேட்டதை எல்லாம் சொன்னாள். சுகிர்தா அசையாமல் கேட்டார். முடிந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் படியெடுக்கற மெசினு ஒரே ஒரு நாளைக்குத்தான் ஊருக்கு வந்திருந்துச்சு, கண்ணு. ரெண்டு மாசம் முன்னாடியே குறிச்ச தேதி. அன்னைக்குப் பாத்து மிருதுளாவுக்கு ஆப்ரேசன் வந்துச்சு. போகலைன்னேன். அவதான், நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போறே, போயிட்டு வாம்மான்னா. எட்டு மணிக்கு அவளை உள்ள கொண்டு போனாங்க. ஒம்பது மணிக்கு நான் இங்க படுத்திருந்தேன். பத்தே காலுக்கு..." அவர் நிறுத்தினார். "பதினொண்ணு இருவதுக்கு ஓடிப்போய் நிக்கறேன். எல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு."

தமயந்தி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் வைத்தாள்.

"அவங்க ஆறு பேருக்கும் இன்னும் பதினொண்ணு இருவது ஆகலை, இல்ல?" என்றார் சுகிர்தா. "இன்னைக்குக் கூப்பிடுவாங்களா?"

"இன்னும் அரை மணி நேரத்துலங்க."

"அந்தப் போனை எனக்குக் குடு, கண்ணு. கையெழுத்து அப்புறம் பாத்துக்கலாம்."

இது கூடுமா கூடாதா என்று யாரைக் கேட்பது? கனகசபாபதி மீட்டிங்கில் இருந்தார். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது, யாரும் இப்படி நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தமயந்தி மேஜைப் போனை நாற்பதாம் விலானில் சேர்த்தாள்; வேறு ஹாலில் இருந்தால்தான் பதில் பேலன்சர் வழியாகத் திரும்பும். அக்காக்களிடமிருந்து வரும் அழைப்பு எதுவானாலும் இந்தப் போனுக்கு மட்டுமே, ஒன்றன் பின் ஒன்றாக, மற்றவை வரிசையில் நிற்கட்டும் என்று பேலன்சரில் எழுதினாள். இனி வெளியாட்களின் லைன் அடைக்காது. ஐந்து நிமிஷ வேலை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்ததில் பத்து நிமிஷம் ஆயிற்று.

பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது. திரையில் மூணாம் அக்காவின் பெயர். சுகிர்தா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் தமயந்திக்கும் கேட்டது.

"கொஞ்சம் பேசணுங்க. பேசலாங்களா?"

"பேசு... பேசுங்க."

"என் பொண்ணுக்கு ஆப்ரேசன் முடிஞ்சிருக்கும். எனக்குக் கேக்க வழியில்லீங்க. நீங்க கேட்டுச் சொல்ல முடியுங்களா? பேரு மிருதுளா. பதினேழு வயசு. பச்சைக் கலர் ஹேர்பேண்டு போட்டிருப்பா. கழட்ட மாட்டேன்னு நர்ஸ்கிட்டக் காலையில ஒரே சண்டை."

சுகிர்தா ஜோல்னாப் பைக்குள் கையை விட்டார். கை அங்கேயே இருந்தது.

"அந்த ஹேர்பேண்டு எங்கிட்டத்தான் இருக்கு," என்றார்.

எதிர்முனை நின்றது. பேலன்சர் ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஒவ்வோர் அக்காவையும் தட்டி, இருக்கிறாயா என்று கேட்கும். மூன்று தடவை பதில் இல்லையென்றால் செத்துப்போனதாக எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். மூணாம் அக்கா ஒரு தடவை பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லவில்லை. திரையில் பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. தமயந்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

"நீங்க... நானா?"

"ஆமா."

"எத்தனை நாளாச்சு?"

"ஆறு வருசம்."

விளக்கு மறுபடி பச்சையானது. அழுகையைத்தான் தமயந்தி எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"இத்தனை நாள்ல யாருகிட்டயாச்சும் சொல்லி அழுதீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"யாருகிட்டச் சொல்ல? அவளை என்னளவுக்குத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்," என்றது மூணாம் அக்கா. "சொல்லுங்க. நான் எங்கியும் போகலை."

அந்த அம்மாள் முகத்தை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு அழுத அழுகையைத் தமயந்தியால் பார்க்க முடியவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நாற்பத்தேழு நிமிஷம். ஐந்து அக்காக்கள் வெளி அழைப்புகளை எடுத்துக்கொண்டே வரிசையில் காத்திருந்தார்கள்.

உள்ளே வந்தபோது சுகிர்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அடுத்தவங்களைக் குடு, கண்ணு."

ஒண்ணாம் அக்கா அதே கேள்வியைக் கேட்டது. சுகிர்தாவின் குரலில் இப்போது ஒரு பிசிறும் இல்லை.

"கேட்டுட்டேனுங்க. ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சுது. தூங்கிட்டிருக்கா. ஹேர்பேண்டு எங்கேன்னு கேட்டுட்டுத்தான் தூங்குனாளாம்."

எதிர்முனையில் ஒரு சிரிப்பு, அழுகை கலந்த சிரிப்பு. "ரொம்ப நன்றிங்க." அரை நிமிஷத்தில் ஒண்ணாம் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த நாலு பேருக்கும் அதே சேதி போயிற்று.

"பொய் சொல்லிட்டீங்களே மேடம்," என்றாள் தமயந்தி. குற்றம் சொல்லவில்லை, உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை.

"ஆமா. அவங்களுக்கு இன்னும் பகல் பூரா வேலை இருக்குது."

"அப்ப மூணாம் அக்காவுக்கு?"

சுகிர்தா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படிவம் வெறுமையாகவே கிடந்தது.

தமயந்தி பேலன்சரைத் திறந்து மூணாம் அக்காவுக்குப் புது அழைப்பு எதுவும் போகாமல் நிறுத்தினாள். மூன்று மணிக்கு அதனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'எனக்கு ஏன் அழைப்பு வரவில்லை? என்னால் வேலை செய்ய முடியும்.' தமயந்தி வெகுநேரம் யோசித்து, 'இன்றைக்கு உங்களுக்கு லீவு' என்று பதில் போட்டாள். இழவுக்கு லீவு என்று எழுத வரவில்லை.

பதினொன்று இருபது திணறல் நின்றுவிட்டது என்று கனகசபாபதிக்கு சந்தோஷம். எப்படி என்று தமயந்தி சொன்னதும் சந்தோஷம் பாதியானது. "இது சரியாம்மா?" என்று கேட்டார். "தெரியலீங்க சார்," என்றாள். அவருக்கும் தெரியவில்லை. தடுக்கவும் இல்லை.

மறுநாள் பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. சுகிர்தா. கையில் சாப்பாட்டுப் பை. நேற்று பார்த்ததற்கு முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நேத்து எங்கூட அழுதது எத்தனாவது, கண்ணு?"

"மூணாவதுங்க."

"இன்னைக்கு நாலாவதை மொதல்ல குடு. மூணாவதுக்கு நல்ல சேதி போகட்டும். நாளைக்கு அஞ்சாவது."

தமயந்தி அவரையே பார்த்தாள். தினமும் ஒருத்திக்கு நிஜம், ஐந்து பேருக்கு நிம்மதி. இதற்குத் தான் துணை போகிறோமா, இல்லை உதவி செய்கிறோமா என்று அவளுக்குக் குழம்பியது. கணக்குப் பார்த்தாலும் இடித்தது.

"மேடம், காலையில ஒம்பது மணிக்கே எல்லாம் அழிஞ்சிருச்சுங்க. நேத்து நடந்தது மூணாவதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எதுகிட்டச் சொன்னாலும் அதுக்கு இன்னைக்குத்தானுங்களே மொத நாள்?"

"எனக்கு ஞாபகம் இருக்குதே, கண்ணு," என்றார் சுகிர்தா. "ஒருத்தியவே தினமும் அழ வைக்க எனக்கு மனசு வரலை."

தமயந்தி பேலன்சரைத் திறந்தாள். நாலாம் அக்காவை வரிசையின் முன்னால் வைத்தாள். அதற்குப் பிற்பகல் லீவு எழுதினாள். பதினொன்று இருபதுக்கு மணி அடித்தபோது எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தாள்.